ஏழாவது எபிசோடின் வெள்ளம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'நீலவாசல்' தொடரின் கதையை எழுதிய மகானுபாவன் நான்தான்.

பன்னிரண்டு எபிசோட். டோக்கியோவில் ஒரு கம்பெனி கேட்டது, அம்பத்தூரில் நாங்கள் செய்துகொடுத்தோம். ஜப்பான்காரர்களின் அனிமே பாணி, நம் ஊர் ஆட்கள். படத்தைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது, கதையைப் பார்த்துக் காறித் துப்பியது. "கண்ணுக்கு விருந்து, மூளைக்குப் பட்டினி" என்று ஒருத்தன் எழுதினான். "இந்தக் கதையை எழுதினவருக்கு யாராவது ஒரு கதை சொல்லுங்களேன்" என்று இன்னொருத்தி எழுதினாள். என் பெண்டாட்டி அதைக் காபி கொடுத்துக்கொண்டே எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள்.

நான் பதினெட்டு வருஷம் டிவி சீரியலுக்கு வசனம் எழுதினவன். மாமியார் ஏன் பாலில் விஷம் வைத்தாள் என்று கேட்டால் நின்ற இடத்தில் ஆறு காரணம் சொல்வேன். கோதண்டத்துக்குக் கதை வராது என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நீலவாசலில் நடந்தது வேறு. அங்கே படம் முதலில் வந்துவிடும், கதை பின்னால் வரும். சட்டையைத் தைத்துவிட்டு அதற்கு ஆளைத் தேடுகிற வேலை.

படங்களை எங்கள் ஸ்டூடியோவில் யாரும் வரையவில்லை. எடுத்தோம். இரண்டாவது மாடியில் ஒரு அறை, அதில் ஒரு நாற்காலி, தலைக்கு மாட்ட ஒரு தொப்பி. உட்கார்ந்தவர் ஒரு ஞாபகத்தை நினைக்க வேண்டும். அவர் மனசுக்குள் எப்படித் தெரிகிறதோ அப்படியே மெஷின் அதை வாங்கிக்கொள்ளும். அப்புறம் அதற்கு அனிமேச் சாயம் பூசுவது கம்ப்யூட்டர் வேலை. கேமராவில் எடுத்தால் தீ, தீ மாதிரிதான் இருக்கும். தீயில் மாட்டிப் பிழைத்தவர் தலைக்குள் இருக்கும் தீ அப்படி இருக்காது. அதில் பயம் கலந்திருக்கும். எந்தக் கொம்பனாலும் அதை வரைய முடியாது.

ஒரே ஒரு சிக்கல். எடுத்தால் எடுத்ததுதான். அந்தக் காட்சி அவர் தலையில் அப்புறம் இருக்காது. எங்கள் கம்பெனி அந்தக் குறையையே விளம்பரமாக்கிவிட்டது. "மறக்க முடியாத காட்சி உங்களை வாட்டுகிறதா? எங்களிடம் விட்டுச் செல்லுங்கள்." சனங்கள் தாமாகவே வந்தார்கள். விபத்தைப் பார்த்தவர்கள், தீயில் தப்பியவர்கள், தூக்கில் தொங்கிய மகனை இறக்கியவர்கள். உள்ளே போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வெளியே வரும்போது பக்கத்தில் நல்ல டீக்கடை எங்கே என்று கேட்பார்கள். நாங்கள் புண்ணியம் செய்கிறோம் என்றுதான் நான் சத்தியமாக நினைத்திருந்தேன்.

யாருடைய ஞாபகம் என்பது கதை எழுதுகிறவனுக்குத் தெரியக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். எனக்கு வெறும் நம்பர்தான் வரும். ஏழாவது எபிசோடின் வெள்ளம் இருநூற்றுப் பதினான்கு. மண் நிறத் தண்ணீர், வீட்டை விட உயரமாக. அதன் நடுவில் இறுக்கிப் பிடித்த ஒரு கை. அந்தக் கை மெல்லத் திறக்கிறது. விரல் விரலாக. மொத்தம் ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடியைத்தான் ஊர் உலகமெல்லாம் வெட்டி வெட்டிப் போட்டுப் பார்த்தது. நான் அதற்கு எழுதிய கதை இது: நாட்டைக் காக்கும் விளக்கை இளவரசன் வெள்ளத்தில் கைவிடுகிறான். ஏன் விட்டான்? எனக்குத் தெரியாது. 'விதி' என்று ஒரு வசனம் வைத்தேன். அதை வைத்துத்தான் என்னைத் துவைத்தெடுத்தார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு ஆள், இடுப்பில் இரண்டரை வயசுப் பையன். ஏழாவது எபிசோடின் கதையை எழுதியவரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறானாம். திட்ட வந்த இன்னொரு ரசிகன் என்று நினைத்துக்கொண்டே இறங்கிப் போனேன்.

"எம் பேரு தேசப்பன் சார். எண்ணூர். ஹார்பர்ல கிரேன் ஓட்டுறேன்" என்றான். முப்பத்தைந்து வயசு இருக்கும். "அந்தப் படத்துல வர்ற கை என் சம்சாரத்தோடது."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"போன வருசத்துக்கு முந்தின வருசம் வெள்ளம் வந்துச்சே, அதுல எங்க தெரு மொத்தமும் பூட்ச்சு சார். காலைல எட்டரை மணி. பொண்ணு தன்ஷிகா, ஆறு வயசு, ஸ்கூலுக்கு ரெடியாகி நின்னுட்டிருந்துச்சு. நான் எதிர் வூட்டு மாடியில ஏறிக் கயிறு போட்டேன். வினோதினி ஒரு கையில இவனை வச்சிருந்தா, கைக்குழந்தை அப்போ. இன்னொரு கையில பொண்ணு. கயிறைப் பிடிக்கணும்னா ஒரு கை வேணும் இல்ல?"

இடுப்பில் இருந்த பையன் என் சட்டைப் பேனாவை இழுத்தான்.

"பாடி கெடைக்கல. ஒரு வருசம் அவ தூங்கவே இல்ல சார். சும்மா உக்காந்துகினு வலது கையை மூடி மூடித் தொறப்பா. அப்பால உங்க விளம்பரத்தைப் பாத்துட்டு அவளே இங்க வந்துட்டா. காசு கூட வேணாம்னுட்டா. அன்னைக்கு வந்து படுத்தவ நல்லாத் தூங்குனா. உங்க கம்பெனியைக் கும்பிட்டேன் சார் நானு."

"அப்புறம் என்ன?"

"மறுநா காலைல பொண்ணுக்கு டிபன் பாக்ஸு கட்டினா. மத்தியானம் மூணு மணிக்குப் போயி ஸ்கூல் கேட்டாண்ட நின்னா."

அன்றிலிருந்து தினமும் நிற்கிறாளாம். மகள் செத்துவிட்டாள் என்று சொன்னால், "தெரியும்யா, நீதான் சொல்லிக்கினே இருக்கியே" என்பாளாம். மூணு மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாளாம். போன வாரம் யாரோ பெற்ற ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து தோசை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் அப்பன் போலீசோடு வந்தான்.

"இன்னொரு தடவை நடந்தா கேஸுன்னுட்டாரு இன்ஸ்பெக்டரு. அவளை ஆஸ்பத்திரியில போட்ருவாங்களாம், இவனைக் காப்பகத்துக்கு அனுப்பிருவாங்களாம். பைத்தியக்காரிகிட்ட பிள்ளையைக் குடுக்க முடியாதுன்றாரு. நான் பகல்பூரா கிரேன் மேல கீறேன், யாரு சார் பாத்துக்குவா?" அவன் பையனை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். "எனக்குச் சொல்லத் தெரியல சார். நான் சொன்னா அவளுக்கு ஏற மாட்டேங்குது. நீங்க கதை எழுதுறவரு. நீங்க சொன்னா நம்புவா."

உலகத்திலேயே என் கதையை நம்பி வந்த ஒரே ஆள் அவன்தான்.

மாடிக்குப் போனேன். தொப்பி அறையைப் பார்த்துக்கொள்வது ஷர்மிளா பானு. கெட்டிக்காரப் பெண், பொய் பேசத் தெரியாது. இருநூற்றுப் பதினான்கை எடு என்றேன். சட்டப்படி கூடாது சார் என்றாள். கீழே இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தன் நிற்கிறான் என்றேன். எடுத்தாள்.

"அவங்க கையெழுத்துப் போட்டது வெள்ளத்துக்கு மட்டும். நாலு நிமிஷம்" என்றாள் பானு. அப்புறம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்தது பத்தொம்பது நிமிஷம்."

"மீதி என்ன?"

"ஓரம் சார். முன்னாடி எட்டு, பின்னாடி ஏழு."

எடிட்டிங்கில் இது பழங்காலத்துப் பழக்கம். ஒரு ஷாட் வேண்டுமென்றால் முன்னும் பின்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைப்போம். வெட்ட ஒட்ட இடம் வேண்டுமே. கேமரா காலத்தில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, பிலிம்தான் போகும். அதே பழக்கத்தில் இங்கேயும் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"ஆனா எப்பவும் அரை நிமிஷம்தானேம்மா எடுப்போம்? எட்டு நிமிஷம் எவன் எடுக்கச் சொன்னது?"

பானு திரையை என் பக்கம் திருப்பினாள். மெயில் இருந்தது. 'படம் மொட்டையாக வருகிறது. கதையை ஒட்ட எனக்கு இடம் போதவில்லை. இனிமேல் முன்னும் பின்னும் தாராளமாக எடுக்கவும். கோதண்டம்.'

நாற்காலியை இழுத்துப் பானு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த எட்டு நிமிஷத்துல என்ன இருக்கு?"

"பொண்ணுக்குத் தலை பின்னி விடுறாங்க. ரிப்பன் கட்டுறாங்க. முகத்துக்குப் பவுடர் போடுறாங்க. முழுக்க முழுக்க அந்தப் பொண்ணு முகம்தான் சார்."

"சரி, ஒரு நாள் காலை போச்சு. ஆறு வருஷம் பாத்த முகம் எப்படிப் போகும்?"

"ஒரு வருஷமா அவங்க அந்த ஒரு காலையைத்தானே திரும்பத் திரும்ப நினைச்சிருக்காங்க. ஒரே ஞாபகத்தை அப்படிப் புரட்டினா, மத்த நாள்ல இருந்த முகமெல்லாம் அங்க வந்து சேர்ந்துக்கும். நாம அதை எடுத்தப்போ வேரோட வந்துடுச்சு." பானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படம் போனா சேதி மட்டும்தான் சார் நிக்கும். பொண்ணு செத்துட்டா அப்படின்னு ஒரு சேதி. வெறும் சேதியை எந்த அம்மா நம்புவா?"

"திரும்ப உள்ள வை."

"வாங்கறதுக்குத்தான் மெஷின் இருக்கு. கொடுக்க இல்ல. போட்டுக் காட்டலாம், அவ்வளவுதான். நாம டிவி பாக்கற மாதிரி பாப்பாங்க."

மறுநாள் மத்தியானம் தேசப்பன் அவளை அழைத்துவந்தான். வினோதினி. மஞ்சள் சுடிதார், துவைத்துத் துவைத்து வெளுத்தது. நன்றாகத் தூங்குகிறவள் முகம். என்னைப் பார்த்துச் சிரித்து, "இங்கதான் சார் எனக்குக் குணமாச்சு" என்றாள். அந்த வார்த்தையை நான் இன்னும் முழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

பிரிவ்யூ அறையில் ஏழாவது எபிசோடைப் போட்டோம். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளம் வந்தபோது "யப்பா!" என்றாள். கை திறந்தபோது தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குனியவில்லை.

"படம் சோக்கா கீது சார். கண்ணை எடுக்க முடியல" என்றாள். "கதைதான் ஒண்ணும் புரியல. அந்தாளு ஏன் வுட்டான்?"

பானு சாயம் பூசாத பதிவைப் போட்டாள். தலை சீவி, சிவப்பு ரிப்பன் கட்டி, பவுடர் தும்மலோடு திரை முழுக்க ஒரு சின்ன முகம். முன்பல் ஒன்று இல்லை. அப்படியே அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

வினோதினியும் சிரித்தாள். "யாரு வூட்டுப் பொண்ணு சார் இது? அழகா கீது."

தேசப்பன் எழுந்து வெளியே போய்விட்டான்.

கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். மணி இரண்டேகால். பையன் மேஜைக்கடியில் உட்கார்ந்து ஸ்பூனை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். தேசப்பன் திரும்பி வந்து தூணோரம் நின்றான். நான் ஆரம்பித்தேன். ஒளிக்காமல் மறைக்காமல், நடந்ததை நடந்தபடி. எட்டரை மணி, தண்ணீர், எதிர் வீட்டு மாடி, கயிறு. ஒரு கையில் பையன், ஒரு கையில் பெண். என் வாழ்நாளில் நான் அவ்வளவு ஒழுங்காக ஒரு கதையைச் சொன்னதில்லை. கடைசியில், "கயித்தைப் பிடிக்க நீ அவ கையை விட்டம்மா. விடலேன்னா மூணு பேரும் போயிருப்பீங்க" என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

"ஒத்துக்க முடியல சார்."

"என்னம்மா ஒத்துக்க முடியல?"

"எந்தத் தாயாச்சும் பெத்த பொண்ணு கையை வுடுவாளா? கயிறு இல்லேன்னா பல்லால கடிச்சுக்கினு தொங்குவா. மூணு பேரும் சேந்து போவாங்க. கையை மட்டும் வுட மாட்டா." அவள் கோபப்படவில்லை. ஏதோ எனக்குப் புத்தி சொல்வது போலத்தான் சொன்னாள். "அப்படியே வுட்டான்னே வச்சுக்க. ரெண்டு புள்ளையில எதை வுடறதுன்னு அவ எப்படி முடிவு பண்ணா? அதை நீ சொல்லவே இல்லியே. கதையில அங்கதானே சார் ஓட்டை கீது."

பதில் என்னிடம் இல்லை. தேசப்பனிடமும் இல்லை. அது தெரிந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருந்தாள், நாங்கள் அதையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தோம்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "எண்ணூர் பஸ்ஸு இங்கேருந்து எப்ப சார்? ஸ்கூல் வுடற நேரம்" என்று சொல்லி, குனிந்து பையனைத் தூக்கினாள். தேசப்பன் வழியை மறித்தான். "இன்னைக்கு வேணாம் வினோ. போலீஸு நிக்கும்." "நவுருய்யா. பொண்ணு தனியா நிக்கும்." அவன் அவள் தோளைப் பிடித்தான். அவள் உதறினாள். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் அழ ஆரம்பித்தான். தேசப்பன் கண் என்னைப் பார்த்தது, சார் ஏதாவது பண்ணுங்க என்று. அந்தப் பிள்ளையைக் காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது அந்த நிமிஷமே என் கண்முன் தெரிந்தது.

என்னில் இருந்த சீரியல்காரன் எழுந்துவிட்டான்.

"வினோதினி, உக்காரு. நான் பொய் சொன்னேன்."

அவள் நின்றாள்.

"கையை விட்டது நீ இல்லம்மா. உன் வீட்டுக்காரர் தூரத்துலேருந்து பாத்தாரு, தப்பா நினைச்சுட்டாரு. எங்க பதிவுல தெளிவா இருக்கு. கையை விட்டது உன் பொண்ணு."

"தன்ஷியா?" உட்கார்ந்தாள். "அது ஏன் வுடுது?"

காரணம். அதைத்தானே உலகமே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது மட்டும் எங்கிருந்தோ தானாக வந்தது.

"ஸ்கூல் பை மிதந்து போச்சு. ஆறு வயசுக் குழந்தை, அதுக்கென்ன தெரியும்? பையைப் பிடிக்கணும்னு உன் கையை உதறிட்டு எட்டுச்சு. நீ கத்துன. இறுக்கித்தான் பிடிச்சிருந்த. ஈரக் கை, வழுக்கிடுச்சு."

வினோதினி பையனை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"செய்வா" என்றாள். "அவ அப்படித்தான். புதுப் பை. அதைக் கட்டிக்கினுதான் தூங்குவா." அப்புறம் தேசப்பன் பக்கம் திரும்பினாள். "நான் வுட்டேன்னுதானே நீ சொன்னே? இத்தினி நாளா நான் வுட்டேன்னு எம் மேல பழியைப் போட்டியேய்யா பாவி!"

தேசப்பன் என்னைப் பார்க்கவில்லை. "நான் சரியாப் பாக்கல வினோ. தப்பு எம் மேலதான்" என்றான்.

அப்போதுதான் அவள் அழுதாள். மேஜையில் தலையை முட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு. ஒரு வருஷமாக அவளிடம் வெறும் சேதியாகக் கிடந்த சாவு அந்தக் கேன்டீனில்தான் நடந்தது. "சண்டாளி, கையை வுடாதே வுடாதேன்னு எத்தினி தபா சொல்லியிருப்பேன்! ரோட்டைத் தாண்டும்போதும் இதே வேலைதான். பையி பெருசா உனக்கு? அம்மா பெருசு இல்லியா? என் பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பியேடி!" செத்த குழந்தையை அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு யோக்யதை ஏது?

மூணு மணி ஆனது. மூன்றரை ஆனது. அவள் கிளம்பவில்லை.

நான்கு மணிக்கு அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். வினோதினி முகம் கழுவி, பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து முன்னால் நடந்தாள். தேசப்பன் பின்தங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி சார். இனிமே போக மாட்டா. எனக்குத் தெரியும்."

"என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன். "செத்த குழந்தை மேல பழியைப் போட்டுட்டேன்."

அவன் கையை எடுக்கவில்லை. வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"யாருகிட்டயும் நான் சொன்னதில்ல சார், அவகிட்டயும் சொல்லல. அவ கையை வுட்டதுக்கு அப்பாலயும் அந்தப் பொண்ணு வுடல. அம்மாவோட நைட்டியைப் பிடிச்சுக்கினுதான் இருந்துச்சு. நான் மேலேருந்து பாத்தேன். துணி கிழியற வரைக்கும் வுடல."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. "வாய்யா!" என்று வினோதினி கத்தினாள். அவன் ஓடினான். கூட்டத்தில் முண்டியடித்து ஏறும்போதும் அவள் அழுதுகொண்டே மகளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள், சொல் பேச்சு கேக்காத கழுதை, சொல் பேச்சு கேக்காத கழுதை என்று.

"ஆமா வினோ" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. "அவ எங்க நம்ம பேச்சைக் கேட்டா?"